பகலில் பல் வைத்தியர், விடியற்காலையில் விமானம்

வியாழன் இரவு, மன்சி (இந்தியானா)

நாளை விடிவதற்குள் மாடல் விமானம் பறக்கவிடும் மைதானத்தில் இருக்க வேண்டும், அதனால் இன்று சுருக்கம்தான். சிகாகோ புறநகரிலிருந்து மதியம் கிளம்பி, ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, இருட்டுவதற்குள் மன்சி வந்து சேர்ந்தோம். கூட வந்திருப்பவர் என் சித்தப்பா. திருச்சி பெல் தொழிற்சாலையில் டர்னராக, அதாவது லேத்தில் உலோகம் கடைபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்திருந்தவரை நான் கையோடு கூட்டி வந்துவிட்டேன். வழியில் காற்றாலைகள் வரிசையாக நின்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "முப்பந்தல் மாதிரியே இருக்கேடா" என்றார். மற்றபடி சாலையின் இரு பக்கமும் சோளமும் சோயாவும்தான்.

மன்சி சின்ன ஊர். 1880-களில் இங்கே இயற்கை எரிவாயு கிடைத்தது. அதை நம்பி பால் (Ball) சகோதரர்கள் பஃபலோவிலிருந்து வந்து கண்ணாடி ஜாடி ஆலை போட்டார்கள். அமெரிக்க வீடுகளில் ஊறுகாயும் ஜாமும் போட்டு வைக்கும் அதே பால் ஜாடிகள். பிறகு கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்யும் ஆலைகள் வந்தன, அவையும் ஒவ்வொன்றாக மூடின. போர்க்வார்னர் ஆலை 2009-இல் கடைசியாக நின்றது. 1936-இல் தொடங்கிய அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்ற மாடல் விமானச் சங்கம், 1990-களில் வர்ஜீனியாவை விட்டு இங்கே தலைமையகத்தை மாற்றிக்கொண்டது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் புல்வெளி, பறக்கவிடும் தளங்கள், ஒரு அருங்காட்சியகம். ஒவ்வொரு கோடையிலும் தேசியப் போட்டி இங்கேதான் நடக்கிறது. எல்லாரும் 'நேட்ஸ்' என்கிறார்கள்.

நான் வந்தது போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க அல்ல. இவர்கள் திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. நானும் வேலை முடிந்து வந்து இரவில் மாடல் விமானத்துக்காக பால்சா என்ற இலேசான மரக்கட்டை அறுக்கிறவன். பகலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் "இதுல என்னப்பா வருமானம்?" என்று கேட்பவர்களுக்கு ஒழுங்கான பதில் சொன்னதே இல்லை. இங்கே பல நூறு பேர் அந்தக் கேள்வியோடே வாழ்கிறார்கள்.

வெள்ளி இரவு, மன்சி

காலையில் போனபோது புல்லெல்லாம் பனி. கெண்டைக்கால் வரை நனைந்துவிட்டது. காற்று துளியும் இல்லை. ஃப்ரீ ஃபிளைட்காரர்களுக்கு இதுதான் பொன்னான நேரம். இவர்கள் விமானத்துக்கு ரிமோட் கிடையாது. ரப்பரை முறுக்கி, காற்றைப் பார்த்து, கையை விட்டால் விட்டதுதான். அது தானாக ஏறி, தானாக வட்டமடித்து, தானாக இறங்க வேண்டும்.

முதலில் நின்றது பி-30 வகைக்காரர்களிடம். சட்டம் எளிமையானது. சிறகும் உடலும் 30 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, ரப்பர் இல்லாமல் எடை 40 கிராமுக்குக் குறையக்கூடாது, ரப்பர் 10 கிராமுக்கு மேல் கூடாது. அந்தப் பத்து கிராம் ரப்பரை வைத்து இரண்டு நிமிடம் வானத்தில் நிறுத்த வேண்டும். ரப்பரை ஐந்து ஆறு மடங்கு இழுத்துப் பிடித்து, முறுக்க முறுக்க மெதுவாக விமானத்தை நோக்கி நடந்து வருகிறார்கள். இன்னும் இரண்டு சுற்று போடலாமா, போட்டால் அறுந்துவிடுமா என்பதைக் கையே சொல்ல வேண்டும்.

அங்கே அறுபது வயதுக்காரர் ஒருவர் சிறகைப் பொருத்திக்கொண்டிருந்தார். சிறகுக்கும் அது உட்காரும் மேடைக்கும் நடுவே ஒரு மெல்லிய நீலத் தாளை வைத்து அழுத்தினார், எடுத்தார், நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தார். மறுபடி வைத்தார். ஒஹாயோவில் பல் வைத்தியராம். பல் அடைத்த பிறகு வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அந்தத் தாள். எங்கே மேடு தட்டுகிறது என்று காட்டிவிடும். சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க பேரிங்குக்கு புளூ தடவிப் பார்ப்போம்ல, அதேதான்டா! அவருகிட்ட சொல்லு." சொன்னேன். பிரஷ்யன் புளூ தடவி, மேடான இடத்தைச் சுரண்டி எடுக்கும் வேலையை அவர் கேள்விப்பட்டதில்லை. முழுவதும் விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சிறகு ஏன் அவ்வளவு துல்லியமாக உட்கார வேண்டும்? ஒரு காகித தடிமன் சாய்ந்தாலும் வட்டம் மாறிவிடும். வட்டம் மாறினால், மேலே போகும் வெப்பக் காற்றுத் தூணுக்குள் நிற்காமல் வெளியே விழுந்துவிடும். அந்தத் தூணுக்கு இங்கே பெயர் 'தெர்மல்'. கண்ணுக்குத் தெரியாது. உயரமான கம்பில் மெல்லிய பாலியெஸ்டர் நாடாவைக் கட்டி, அது எப்போது மேல்நோக்கி மிதக்கிறது என்று பார்க்கிறார்கள். நேரம் முடிந்ததும் ஒரு சின்ன டைமர் வால்சிறகை மேலே தூக்கிவிடும், விமானம் படுத்த வாக்கில் பொத்தென்று இறங்கும். அந்த டைமர் வேலை செய்யாவிட்டால் விமானம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். பழைய காலத்தில் கேமராவில் தானாகப் படமெடுக்கும் டைமரைப் பிரித்து எடுத்து இதற்கு மாட்டினார்களாம்.

விழுந்த விமானத்தைத் தேடி சோயா வயலுக்குள் போகிறவர்களில் ஒருவர் தபால்காரர். மற்றவர்கள் மூச்சு வாங்கி வரும்போது அவர் சாவகாசமாக வந்தார். "நடப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்" என்றார். இன்னொருவர் இரவுப் பணி முடித்த கையோடு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்த செவிலியர். கை வீச்சில் எறியும் கிளைடர் விடுகிறார். பத்து முறை எறிவதற்குள் தோள் கழன்றுவிடும் என்று அவரே தோள்பட்டைக்குப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். தூங்கப் போகவில்லையா என்றேன். காற்று எழும்பிய பிறகு காரிலேயே தூங்குவாராம்.

மைதானத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். யாரும் யாரிடமும் என்ன வேலை என்று கேட்பதில்லை. பல வருடமாகப் பழகிய இரண்டு பேரில் ஒருவருக்கு மற்றவர் நீதிமன்ற எழுத்தர் என்பது நான் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆனால் விமானத்தைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம். கார் பட்டறையில் பெயின்ட் அடிப்பவரின் விமானத்தை நான் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தேன். அவருடையது கன்ட்ரோல் லைன் வகை, 60 அடிக்கு மேல் நீளமுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளின் முனையில் சுற்றுவது. பக்கத்துத் தளத்தில் பயிற்சிக்காக வந்திருந்தார். அந்த வகையின் சாகசப் போட்டியில் பறப்பதற்கு முன்பே விமானத்தின் அழகுக்கு 20 மதிப்பெண் வரை உண்டு. சிறகின் மேல் என் முகம் தெரிந்தது. ஒரு தூசைக் கூடத் தேடினேன், இல்லை.

இன்றைக்கு மிக நீண்ட நேரம் போனது ஓய்வுபெற்ற ஒரு மெஷினிஸ்ட்டிடம். உள்ளூர்க்காரர், கியர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் விற்பனைக்கு வந்த சின்ன லேத்து ஒன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் போட்டு, அதில் மாடல் என்ஜின் கடைகிறார். கட்டைவிரல் பருமன் சிலிண்டர் ஒன்றைச் சித்தப்பா கையில் கொடுத்தார். சித்தப்பா பிஸ்டனை உள்ளே விட்டுத் தள்ளினார். முக்கால்வாசி சறுக்கிக்கொண்டு போய், உச்சியில் இறுகி நின்றது.

"டேப்பர் போட்டிருக்காரு" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

ஆமாம், சிலிண்டர் மேலே போகப் போக ஒரு மயிரிழை குறுகும். வெளியே பித்தளை, உள்சுவரில் குரோம் பூச்சு, பிஸ்டன் அலுமினியம். என்ஜின் சூடாகும்போது பித்தளைச் சிலிண்டர் விரிந்து அந்த இறுக்கம் சரியாகிவிடும். பிஸ்டன் வளையமே தேவையில்லை. அந்தச் சரிவை எப்படிக் கொண்டுவருகிறார் என்று சித்தப்பா கேட்க, அவர் அங்குலத்தில் சொல்ல, சித்தப்பா 'தௌ' கணக்கிலேயே பதில் சொன்னார். எங்கள் பழைய டர்னர்களும் ஆயிரத்தில் ஒரு அங்குலத்தில்தான் நினைப்பார்கள். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. இருவரும் மைக்ரோமீட்டரைக் கை மாற்றிக்கொண்டே பேசினார்கள்.

என்ஜினைக் கிளப்பியபோது வந்த வாசனையில் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். விளக்கெண்ணெய்! இந்த என்ஜின்களுக்கு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள், வழவழப்புக்கு ஆமணக்கெண்ணெய். அந்தச் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெய் அது. உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது என்று சொன்னேன். மெஷினிஸ்ட் தலையாட்டி, டப்பாவைத் தூக்கிக் காட்டி, சித்தப்பாவுக்கு நன்றி சொன்னார்.

சனி இரவு, மன்சி

இன்று காற்று. பறக்கவிடுகிறவர்கள் மதியத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். நாங்கள் அருங்காட்சியகத்தில் இருந்தோம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் என்ஜின்களையும் ரேடியோக்களையும் பார்க்கப் பார்க்க எனக்கு ஓடியதெல்லாம் செய்தவர்களின் சம்பளப் பட்டியல்தான். மிச்சிகனின் இரட்டையர்கள் வால்டர் குட், வில்லியம் குட். 8 அடிச் சிறகுள்ள 'கஃப்' என்ற விமானத்தை 1937-இல் ரேடியோவால் ஓட்டியவர்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வால்டர் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஆனார். ரெஜினால்ட் டென்னி ஹாலிவுட் நடிகர். படப்பிடிப்பு போக மாடல் விமானக் கடை வைத்தார், அது ரேடியோபிளேன் என்ற தொழிற்சாலையாக வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் பயிற்சிக்காக ஆயிரக்கணக்கான ஆளில்லா விமானங்களை ராணுவத்துக்குக் கொடுத்தது. அந்த ஆலையில் வேலை பார்த்த நோர்மா ஜீன் என்ற இளம்பெண்ணை ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். அவர்தான் பின்னாளில் மர்லின் மன்றோ.

என்னை உலுக்குவது மேனார்ட் ஹில் கதை. அவரும் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகம்தான், உலோகவியல் நிபுணர். 1970-இல் மாடல் விமானம் ஒன்றை 8,200 மீட்டருக்கு மேல் ஏற்றினார். காற்றில் மேலே போகப் போக மின்னழுத்தம் மாறும் என்பதை வைத்து, அந்த வித்தியாசத்தை உணர்ந்து சிறகைச் சமனாக்கும் தானியங்கியை அலுவலகத்தில் உருவாக்கினார். அலுவலகத்தில் கற்றது மைதானத்துக்குப் போனது, மைதானத்தில் கற்றது அலுவலகத்துக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை அட்லாண்டிக் கடலைத் தாண்டுவது.

பால்சாவும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கொண்டு செய்த விமானம். எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக விதி. 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து கிளம்பியது. 38 மணி 52 நிமிடம் கழித்து, சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் அயர்லாந்தின் கரையில் இறங்கியது. எரித்தது ஒரு கேலனுக்கும் குறைவான எரிபொருள், முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோல். முன்பு அனுப்பிய விமானங்கள் கடலோடு போயிருந்தன. அப்போது ஹில்லுக்கு 77 வயது. கண் பார்வை சட்டப்படி குருடு என்று சொல்லும் அளவுக்குக் குறைந்திருந்தது, காதும் கேட்காத நிலை. கட்டையை விரலால் தடவித் தடவியே செய்தாராம். சித்தப்பா இதைக் கேட்டதிலிருந்து அதிகம் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "என்ஜின் வால்வு அவரே தேய்ச்சிருப்பாரா?" என்று கேட்டார். என்ஜினை இந்தப் பயணத்துக்கென்று மாற்றியமைத்தார் என்று படித்திருக்கிறேன், அதைச் சொன்னேன்.

வெளி வாசலில் ஒரு இளைஞரோடு பேசினேன். காப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக வீட்டுக் கூரைகளை டிரோனில் படமெடுப்பவர். நான் எழுதும் மென்பொருளுக்குள் அவர் எடுக்கும் படங்கள் வரக்கூடும்! அமெரிக்கச் சட்டம் இந்த எல்லையைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆசைக்குப் பறக்கவிட்டால் ஒரு எளிய இணையத் தேர்வு போதும், 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு. அதே டிரோனை யாருக்காவது வேலையாகப் பறக்கவிட்டால் 2016-இல் வந்த 'பார்ட் 107' விதிப்படி உரிமம் வேண்டும். கருவி ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. வார நாட்களில் அவர் உரிமத்தோடு பறக்கிறார், சனி ஞாயிறில் ரப்பர் முறுக்குகிறார். வாடிக்கையாளருக்காக பறக்கவிட்டபின் கைக்கு ஏதோ குறைவது போல இருக்கிறது, அதைச் சரிக்கட்ட இங்கே வருகிறேன் என்றார். பிடித்ததையே பிழைப்பாக்கிக்கொள் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்வது எல்லாருக்கும் ஒத்துவராது என்றே நினைக்கிறேன். பால் மக்ரெடிக்கு ஒத்துவந்தது. சிறுவயதில் மாடல் விமானச் சாம்பியன், பின்னாளில் அந்த இலேசான கட்டுமானத்தையே பெரிதாக்கி, 1977-இல் மனிதன் மிதித்தே பறக்கும் 'காஸமர் கான்டர்' செய்து பரிசு வாங்கினார். ஆனால் அந்தப் பல் வைத்தியரை நாளையே முழுநேர விமானக்காரராக ஆக்கினால் அவர் சந்தோஷமாக இருப்பாரா? நேற்று அவரிடமே கேட்டேன். "நோயாளிகள் இல்லாவிட்டால் எனக்கு இந்த நீலத் தாள் யார் தருவார்?" என்றார்.

ஞாயிறு இரவு, டேட்டன் (ஒஹாயோ)

மன்சியிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். இங்கே வரும் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது, ஏனென்றால் பகல் வேலையோடு விமானம் செய்தவர்களில் எல்லாருக்கும் மூத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

ரைட் சகோதரர்களைச் சைக்கிள் கடைக்காரர்கள் என்று பள்ளியில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அவர்கள் தொடங்கியது மாடல் விமானத்தில். 1878-இல் அவர்கள் அப்பா கார்க், மூங்கில், காகிதத்தில் செய்து ரப்பரால் சுழலும் ஒரு பொம்மையை வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ வடிவமைத்தது. அது கூரையில் முட்டி விழுந்தது. பையன்கள் அதைப் பார்த்துப் பெரிது பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்தது பறக்கவில்லை. அளவை இரட்டித்தால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் அவர்களே எழுதினார்கள்.

தெற்கு வில்லியம்ஸ் தெருவில் அவர்கள் இருந்த ஒரு கடை இன்னும் நிற்கிறது. தேசியப் பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது, கட்டணம் இல்லை. கீழே சைக்கிள்கள், மேலே அச்சகம். சைக்கிளுக்கு முன்பு அவர்களுக்கு அச்சுத் தொழில்.

எனக்கு இங்கே கிடைத்தது அவர்களுடைய நாட்காட்டி. சைக்கிள் வியாபாரம் வசந்தத்திலும் கோடையிலும் சூடுபிடிக்கும், அப்போது கடையை விட்டு நகர முடியாது. அதனால் 1900, 1902, 1903 மூன்று வருடமும் கோடைக் கடைசியிலோ அதற்குப் பிறகோதான், பறந்து பார்க்க கிட்டி ஹாக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். 1901-இல் மட்டும் ஜூலையிலேயே போக முடிந்தது. ஜூனில் சார்லஸ் டெய்லர் என்ற மெக்கானிக்கை வாரம் 18 டாலர் சம்பளத்துக்கு வேலைக்கு வைத்து, கடையை அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருடக் கடைசியில் கடையிலேயே காற்றுச் சுரங்கம் செய்து, தகரத்தில் வெட்டிய சின்னச் சின்னச் சிறகு மாதிரிகளை நூற்றுக்கும் மேல் சோதித்தார்கள். அளக்கும் தராசு எதில் செய்தார்கள் தெரியுமா? பழைய ஹேக்ஸா பிளேடிலும் சைக்கிள் ஆரக்கம்பியிலும்.

1903-இல் விமானத்துக்கு ஏற்ற என்ஜின் எந்தக் கம்பெனியும் செய்து தராதபோது, அதைக் கடைந்தவர் டெய்லர். ஆறு வாரம். முறையான வரைபடம் கிடையாது, காகிதத் துண்டில் கிறுக்கியது மட்டும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டை ஒற்றை எஃகுப் பலகையிலிருந்து எடுத்தார். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றே ஐந்தெட்டு அங்குல தடிமன். உருவத்தைப் பலகையில் கீறி, அந்தக் கோட்டோடு நெருக்கமாகத் துளை போட்டு, உளியால் வேண்டாததைத் தட்டி எடுத்து, மீதியை லேத்தில் பிடித்துக் கடைந்தார். கடையில் இருந்தது ஒரு லேத்து, ஒரு துளையிடும் இயந்திரம். கிடைத்தது 12 குதிரைத் திறன். ப்ரொப்பெல்லர்களைச் சுழற்றியது சைக்கிள் மாதிரியே சங்கிலி.

சித்தப்பா இதை என்னை மூன்று முறை சொல்ல வைத்தார்.

"ஒத்தப் பலகையிலயா? சென்டர் மாத்தி மாத்திப் பிடிக்கணும்டா. ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியா. இன்னைக்கு இருக்கிற கார்பைடு டூல் அன்னைக்குக் கிடையாது, வெறும் ஸ்டீல் டூல். ரெண்டு கட் போட்டா மழுங்கிரும். சாணை பிடிக்கவே பாதி நேரம் போயிரும்." கையை மடக்கிக் கணக்குப் போட்டார். "நானா இருந்தா அந்த ஷாஃப்ட்டுக்கே ஒரு மாசம் கேட்பேன். ஃபோர்மேன் திட்டினாலும் பரவாயில்லைன்னு."

பிறகு டெய்லர் என்ன ஆனார் என்று கேட்டார். பொருளாதார மந்தத்தில் சொத்தை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமான ஆலையில் மணிக்கூலி மெஷினிஸ்ட்டாக நின்றார். ரைட்களின் முதல் விமானத்துக்கு என்ஜின் கடைந்தவர் இவர் என்று உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஹென்றி ஃபோர்டு, அந்த என்ஜின் செய்த, ரைட்களின் மூன்றாம் தெருக் கடையை அப்படியே பெயர்த்து மிச்சிகனின் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் நிறுத்த விரும்பியபோது, இவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். கடையை முன்பிருந்த மாதிரியே அமைத்ததிலும் பழைய கருவிகளைத் தேடியதிலும் டெய்லருக்குப் பங்கு உண்டு. 1938-இல் அது திறந்தது.

"அப்ப அந்தக் கடை இங்க இல்லையா?"

"இல்ல சித்தப்பா, டெட்ராய்ட் பக்கம். வடக்க மூணு மணி நேரத்துக்கு மேல."

"நாளைக்குத் திறந்திருக்குமா?"

திறந்திருக்கும். மேனேஜருக்கு விடுப்புச் செய்தி அனுப்பிவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். லேத்து அங்கே இருந்தால் நாளை அதன் படமும் போடுகிறேன்.